பழுப்புக் கோடு ஒவ்வொன்றும் ஒரு கரை

நாங்கள் இருப்பது தென்னாப்பிரிக்காவின் டர்பனில். அக்கா மகள் இந்த ஆண்டு மெட்ரிக், அதாவது பள்ளி இறுதித் தேர்வு எழுதுகிறாள். புவியியல் தேர்வில் மேப் வாசிக்கும் பகுதிதான் அவளுக்குப் பயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, டர்பன் ஷீட்டைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சாப்பாட்டு மேசையில் விரித்து, சுருண்டுவிடாமல் நாலு மூலையிலும் டம்ளர் வைத்தோம். கொஞ்ச நேரம் பார்த்தவள், உம்கேனி ஆறு கடலை நெருங்கும் இடத்தில் விரலை வைத்தாள். அங்கே சாலை இருந்தது, கட்டடம் இருந்தது. ஆனால் ஆற்றை ஒட்டிக் கட்டைவிரல் அகலத்துக்குப் பழுப்புக் கோடு ஒன்றுகூட ஓடவில்லை.

"மத்த இடமெல்லாம் ஒரே கோடா இருக்கு மாமா. இங்க மட்டும் ஒண்ணுமே இல்லையே?"

அவள் விரல் வைத்த இடம் ஸ்பிரிங்ஃபீல்டு. என் அம்மா, அதாவது அவளுடைய ஆயா, சின்ன வயதில் வாழ்ந்த இடம். அங்கே ஒன்றுமில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அது புரிய வேண்டுமானால், கோடு இருக்கும் இடங்களை முதலில் வாசிக்கத் தெரிய வேண்டும். அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். மேப் என்றாலே ஊர்ப்பெயரும் சாலையும்தான் என்று நினைத்திருப்பவர்களுக்கும் இது உதவும்.

போனில் நாம் பார்க்கும் வரைபடம் வழி காட்டும். இது வேறு வகை. நிலத்தின் மேடு பள்ளத்தைத் தட்டையான தாளில் காட்டுவது. இடவிளக்கப்படம் என்று பாடநூல்களில் இருக்கும், பேச்சில் டோப்போ மேப். தென்னாப்பிரிக்காவில் இதை அரசே தயாரிக்கிறது. கேப் டவுனில் மவ்பிரே என்ற பகுதியில் அதற்கென ஓர் இயக்குநரகம் இருக்கிறது. நாடு முழுவதையும் 1:50 000 என்ற அளவில் தாள் தாளாக வரைந்து வைத்திருக்கிறார்கள். தாளில் 1 செ.மீ. என்றால் தரையில் 50 000 செ.மீ., அதாவது அரைக் கிலோமீட்டர். 2 செ.மீ. சேர்ந்தால் ஒரு கிலோமீட்டர். இந்த ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால் போதும், தூரக் கணக்கு எல்லாம் இதிலிருந்தே வரும்.

தாளின் மேல் 2930டிடி என்று ஓர் எண் இருக்கும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. அது தாளின் விலாசம். 29 என்பது தெற்கு அட்சரேகை, 30 என்பது கிழக்குத் தீர்க்கரேகை. அந்த இரண்டும் சந்திக்கும் புள்ளியை மேல் இடது மூலையாக வைத்து, ஒரு பாகைக்கு ஒரு பாகைக் கட்டம் போடுகிறார்கள். அதை நான்காக வெட்டி மேலே ஏ, பி, கீழே சி, டி என்று பெயர். ஒவ்வொன்றையும் மறுபடி அதே மாதிரி நான்காக வெட்டினால் 15 கலைக்கு 15 கலை உள்ள தாள் கிடைக்கும் (ஒரு பாகைக்கு 60 கலை). 2930டிடி என்றால் கட்டத்தின் கீழ் வலது மூலையில், அதற்குள்ளும் கீழ் வலது மூலை. டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த் அதில் வருகிறது. 31 பாகைக் கோடு டர்பன் நகரத்தின் ஊடாகவே போவதால், கோட்டுக்குக் கிழக்கே துறைமுகமும் கடற்கரையும் 2931சிசி ஆகிவிடும். வெருலமும் டோங்காட்டும் 2931சிஏ. அளந்து பார்த்தால் இன்னொன்று தெரியும்: இரண்டு பக்கமும் 15 கலைதான், ஆனால் தாள் சதுரமாக இருக்காது. உயரம் சுமார் 55 செ.மீ., அகலம் சுமார் 48 செ.மீ. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கி வருவதை இந்த 7 செ.மீ. வித்தியாசத்தில் கையால் தொட்டுப் பார்க்கலாம்.

இனி பழுப்புக் கோடு. பள்ளியில் கான்டூர் என்பார்கள், தமிழில் சமஉயரக் கோடு. ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை எல்லாம் இணைத்துப் போகும் கோடு என்பது புத்தக விளக்கம். அக்கா மகளுக்கும் அது மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. தெரிந்தும் கோட்டைப் பார்த்தால் மலை தெரியவில்லை. அதனால் சமையலறைக்குப் போய் அம்மாவிடம் ஒரு பெரிய உருளைக்கிழங்கு கேட்டேன்.

நீளவாக்கில் இரண்டாக வெட்டி, ஒரு பாதியை வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி தட்டையான பாத்திரத்தில் வைத்தோம். இப்போது அது ஒரு குன்று. அரை செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, தண்ணீர் கிழங்கைத் தொடும் விளிம்பில் சுற்றிலும் கத்தி நுனியால் மெல்லக் கீறினாள். இன்னும் அரை செ.மீ. ஊற்றி மறுபடி ஒரு கீறல். இப்படி உச்சி மூழ்கும் வரை. பிறகு கிழங்கை எடுத்துத் துடைத்து, கீறலில் மஞ்சள்தூளைத் தேய்த்தோம். ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் பளிச்சென்று தெரிந்தன. நேர் மேலே நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னேன். மேப்பில் ஒரு குன்று எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது.

சமஉயரக் கோடு என்பது இதுதான். கடல் அந்த உயரத்துக்கு ஏறி நின்றால் கரை எங்கே இருக்குமோ, அங்கே போட்ட கோடு. 20 மீட்டர் கோடு என்றால் கடல் 20 மீட்டர் உயர்ந்தால் வரும் கரை. அடுத்தது 40 மீட்டர் உயர்ந்தால் வரும் கரை. இப்படி நினைத்துக்கொண்டால் விதிகளை உருப்போட வேண்டியதில்லை, அவை தாமாகவே வரும். ஒரு கரை இன்னொரு கரையைக் குறுக்கே வெட்டிப் போகுமா? போகாது. அதனால் கோடுகளும் வெட்டிக்கொள்வதில்லை. கரை நடுவில் அறுந்து நிற்குமா? நிற்காது. அதனால் ஒவ்வொரு கோடும் எங்காவது சுற்றிவந்து தன்னையே சேரும், அல்லது தாளின் விளிம்பில் வெளியேறி அடுத்த தாளில் தொடரும்.

1:50 000 தாளில் கோட்டுக்குக் கோடு 20 மீட்டர் உயர வித்தியாசம். ஐந்தாவது கோடு ஒவ்வொன்றும் தடிப்பாக இருக்கும், அது 100, 200, 300 என்று போகும். உயரம் கண்டுபிடிக்க வேண்டுமானால் முதலில் எண் எழுதிய தடித்த கோட்டைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து மெல்லிய கோடுகளை எண்ணிக்கொண்டு போக வேண்டும். குன்றின் உச்சியில் சின்ன முக்கோணமும் இரண்டு எண்களும் இருந்தால் அது அளவைத் தூண். ஓர் எண் தூணின் வரிசை எண், மற்றொன்று உயரம். இரண்டையும் மாற்றிப் போட்டு மதிப்பெண் இழக்கும் பிள்ளைகள் நிறைய.

அடுத்து, அதே கிழங்கின் பக்கவாட்டில் கரண்டி முனையால் மேலிருந்து கீழாக ஒரு பள்ளம் தோண்டினோம். சின்னப் பள்ளத்தாக்கு. மறுபடி தண்ணீர் ஊற்றினால், கரை அந்தப் பள்ளத்துக்குள் நுழைந்து, உச்சியை நோக்கிக் கூராக வளைந்தது. மேப்பில் ஓடையைக் கடக்கும் ஒவ்வொரு கோடும் இதையேதான் செய்கிறது. கூர்முனை மேட்டைப் பார்த்து இருந்தால் அங்கே பள்ளத்தாக்கு, அந்த முனை காட்டும் திசையிலிருந்துதான் தண்ணீர் வருகிறது. கூர்முனை பள்ளத்தைப் பார்த்து இருந்தால் அது மலையிலிருந்து மூக்கு மாதிரி நீண்டு வரும் மேடு. இரண்டு மேடுகளுக்கு நடுவே கோடுகள் இடுப்பு மாதிரி ஒடுங்கினால் கணவாய்.

ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்ற கேள்வி தேர்வில் அடிக்கடி வரும். கோட்டின் கூர்முனையை வைத்துச் சொல்லலாம். அது தெளிவில்லை என்றால் கிளையோடைகள் வந்து சேரும் கோணத்தைப் பாருங்கள், பெரும்பாலும் ஓட்டத்தின் திசையிலேயே சாய்ந்து வந்து சேரும். அணை இருந்தால் வேலை இன்னும் சுலபம்: சுவர் இருக்கும் பக்கம்தான் ஆற்றின் கீழ்ப்பக்கம். நீலக் கோடு தொடர்ச்சியாக இருந்தால் ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓடும், விட்டு விட்டு இருந்தால் மழைக்காலத்தில் மட்டும்.

கோடுகளின் இடைவெளிதான் சரிவு. இதைக் கணக்காகவே செய்துபார்ப்பது நல்லது. இரண்டு கோடுகள் 1 செ.மீ. தள்ளி இருந்தால், தரையில் 500 மீட்டர் நடந்து 20 மீட்டர் ஏறுகிறோம். 25-க்கு 1. ஏறுவதே தெரியாது. இடைவெளி 2 மி.மீ. என்றால் 100 மீட்டருக்கு 20 மீட்டர், 5-க்கு 1, மூச்சு வாங்கும். 1 மி.மீ. என்றால் 50 மீட்டருக்கு 20 மீட்டர், கையையும் ஊன்றத் தோன்றும். உம்கேனியில் மேலே போனால் ஹோவிக் அருவி. அதன் உயரம் 95 மீட்டர் என்கிறார்கள். அப்படியானால் நாலைந்து பழுப்புக் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, ஒரே கற்றையாக நீலக் கோட்டைக் கடக்க வேண்டும். ஓடையின் மேல் அப்படி ஒரு கற்றையைப் பார்த்தால், பெயர் எழுதியிருக்காவிட்டாலும் அங்கே தண்ணீர் விழுகிறது என்று சொல்லிவிடலாம்.

சாட்ஸ்வொர்த்தில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. வடக்கே உம்ஹ்லட்டுசானா ஆறு, தெற்கே உம்லாஸ் ஆறு, நடுவில் முகடும் ஓடையும் மாறி மாறி. மேப்பில் அங்குள்ள உட்தெருக்களைப் பாருங்கள். பல தெருக்கள் பழுப்புக் கோட்டோடு கோடாக வளைந்து வளைந்து போகும். குறுக்கே நேராகப் போனால் பஸ் ஏற முடியாது. ஒரு தெருவில் நிற்பவர் அடுத்த தெருவின் கூரையைக் கீழே பார்ப்பது ஏன் என்பதற்கும் காரணம் அந்தக் கோடுகளில் இருக்கிறது.

நான் ஒரு முறை இதைச் சரியாகப் பார்க்காமல் சிரமப்பட்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் குடும்பத்தோடு டிராக்கன்ஸ்பர்க் மலைக்குப் போயிருந்தோம். மேப்பில் ஸ்கேல் வைத்து அளந்தேன். 6 செ.மீ., ஆகவே 3 கிலோமீட்டர். மணிக்கு 5 கிலோமீட்டர் நடந்தால் 40 நிமிடம்கூட ஆகாது, சாயங்காலத் தேநீருக்குத் திரும்பிவிடலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். வழியில் எத்தனை பழுப்புக் கோடுகளைக் கடக்கிறோம் என்று எண்ணவில்லை. பிறகு எண்ணினேன்: 30. அதாவது 600 மீட்டர் ஏற்றம். மலையேறுபவர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. நேய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-இல் சொன்னது. தட்டையான தூரத்துக்கு மணிக்கு 5 கிலோமீட்டர் போட்டுக்கொள், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் சேர். அப்படிப் பார்த்தால் போக மட்டும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல், அதுவும் நல்ல நடைக்காரருக்கு. நாங்கள் திரும்பும்போது நன்றாக இருட்டிவிட்டது. சின்னவன் கால் வலித்து அழுதான். அன்றிலிருந்து தூரத்தை அளக்கும் முன் கோட்டைத்தான் எண்ணுகிறேன்.

வடக்கைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாளின் மேல்பக்கம் உண்மை வடக்கு. திசைகாட்டி முள் காட்டுவது காந்த வடக்கு. உலகின் பல இடங்களில் இரண்டுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். நம் பக்கத்தில் அப்படி இல்லை: டர்பனில் முள் உண்மை வடக்குக்கு மேற்கே 20 பாகைக்கும் மேல் விலகி நிற்கிறது. எவ்வளவு என்று தாளின் ஓரத்தில், அளந்த ஆண்டோடும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் அளவோடும் எழுதியிருக்கும். மேற்கே விலகினால் கூட்ட வேண்டும். விலகல் 25 பாகை என்று வைத்துக்கொள்வோம். மேப்பில் கோணமானியால் அளந்து 90 பாகை வந்தால், திசைகாட்டியில் 115 பாகை பார்த்து நடக்க வேண்டும். கூட்ட மறந்தால், ஒரு கிலோமீட்டர் நடந்து முடிக்கும்போது போக வேண்டிய இடத்திலிருந்து 400 மீட்டருக்கும் மேல் விலகியிருப்போம்.

இப்போது ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வரலாம்.

உம்கேனி ஆற்றைக் கடலிலிருந்து மேலே விரலால் பின்தொடரச் சொன்னேன். கிளேர் எஸ்டேட், ரிசர்வாயர் ஹில்ஸ் பக்கம் போனதும் கோடுகள் இரண்டு கரையிலும் நெருங்கி வந்தன. அதற்கும் மேலே ஆயிரம் குன்றுகள் பள்ளத்தாக்கில் தாளே பழுப்பாகத் தெரியும் அளவுக்கு நெருக்கம். அங்கே ஆறு ஒடுங்கிய பள்ளத்தில் வருகிறது. கீழே வரும்போது கோடுகள் திடீரென்று இரண்டு பக்கமும் விலகி நிற்கின்றன. நடுவில் அவள் காட்டிய வெற்றிடம்.

"கிழங்கை நினைச்சுக்கோ. செங்குத்தான பக்கத்தில தண்ணி அரை செ.மீ. ஏறினப்போ கரை எவ்வளவு நகர்ந்தது?"

"கொஞ்சம்தான்."

"மட்டமான பக்கத்தில?"

அவள் பதில் சொல்லவில்லை. மேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோடுகள் நெருங்கிய இடத்தில் ஆறு 2 மீட்டர் உயர்ந்தால் கரை சில அடிகள்தான் நகரும். கோடே இல்லாத மட்டத்தில் அதே 2 மீட்டர், கரையை ஒரு கிலோமீட்டர் தள்ளிவிடும். அந்த மட்டம் எப்படி உண்டானது என்பதையும் யோசிக்க வேண்டும். காலம் காலமாக வெள்ளம் கொண்டுவந்து போட்ட வண்டல்தான் அந்த நிலம். அதனால்தான் மண் நல்ல மண். இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்து, காலம் முடிந்து கரும்புத் தோட்டத்திலிருந்து வெளியேறிய நம் முன்னோர்கள் பலர் அங்கே காய்கறி பயிரிட்டார்கள். தண்ணீர் பக்கத்தில், டர்பன் சந்தையும் பக்கத்தில். விவசாயம் தெரிந்தவர்கள் தேர்ந்தெடுக்கக்கூடிய இடம்தான்.

1917 அக்டோபர் 28-ஆம் தேதி உம்கேனி கரை புரண்டது. இன்றைக்கு அந்த ஆற்றில் மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ், நேகல், இனாண்டா என்று அணைகள் இருக்கின்றன. அன்று ஒன்றும் இல்லை. அந்த மட்டத்தில் இருந்த இந்தியக் குடும்பங்களில் நூற்றுக்கணக்கானோர் இறந்துபோனார்கள். கடலில் பெருவலை இழுக்கும் நம்மவர்கள் ஆறு பேர், தங்கள் படகை வெள்ளத்தில் இறக்கி, திரும்பத் திரும்பப் போய் 176 பேரைக் கரைசேர்த்தார்கள். பாதவட்டன் அறுவர் என்று டர்பனில் இன்றும் அவர்களைச் சொல்கிறோம். அவர்கள் ஆட்களைக் கொண்டுபோய் இறக்கியது, இந்த மேப்பில் பழுப்புக் கோடுகள் மறுபடி தொடங்கும் பக்கமாகத்தான் இருந்திருக்கும். வேறு மேடு அங்கே கிடையாது.

பிறகும் ஜனங்கள் அங்கே வாழ்ந்தார்கள், வேறு இடம் இல்லாததால். தகர வீடுகளாக நின்ற அந்தக் குடியிருப்புக்கு டின் டவுன் என்று பெயர். 1976 மார்ச்சில் மறுபடி வெள்ளம் வந்து அதை அழித்தது. அந்தக் குடும்பங்களைத்தான் டர்பனுக்கு வடக்கே உள்ள ஃபீனிக்ஸில் குடியேற்றினார்கள். அம்மாவின் குடும்பமும் அதில் ஒன்று.

இதில் கற்றுக்கொள்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு குறை இருக்கிறது. 1:50 000 தாள் 20 மீட்டருக்கு ஒரு கோடுதான் போடுகிறது. கடல் மட்டத்துக்கும் முதல் கோட்டுக்கும் நடுவில் 3 மீட்டரில் ஒரு வீடு, 17 மீட்டரில் ஒரு வீடு இருந்தால் இரண்டும் ஒரே வெற்றிடத்தில்தான் தெரியும். ஒன்று மூழ்கும், மற்றது தப்பும், தாள் வித்தியாசம் காட்டாது. கோடு இல்லை என்றால் மேடு பள்ளம் இல்லை என்று பொருள் அல்ல. 20 மீட்டருக்கும் குறைவான மேடு பள்ளத்தை இந்தத் தாள் சொல்லாது என்று மட்டும்தான் பொருள். அதற்கு 1:10 000 ஆர்த்தோஃபோட்டோ தாளை எடுக்க வேண்டும். வானிலிருந்து எடுத்த புகைப்படத்தின் மேலேயே கோடு அச்சிட்டிருக்கும். 1 செ.மீ.க்கு 100 மீட்டர், கோட்டுக்குக் கோடு 5 மீட்டர். தேர்விலும் இரண்டு தாளையும் சேர்த்தே கொடுப்பார்கள். வீடு வாங்கப்போகிறவர்கள், நிலம் பார்க்கிறவர்கள், இந்த இரண்டாவது தாளைப் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்பது என் கருத்து. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனிலும் சுற்றுப்புறத்திலும் 400-க்கு மேற்பட்டவர்களை இழந்திருக்கிறோம். அன்று ஆற்றோர மட்டம் மட்டும் பாதிக்கப்படவில்லை, கோடுகள் நெருங்கிய சரிவுகளில் மண்ணும் சரிந்து வீடுகளை இழுத்துக்கொண்டு போனது. கோடு இல்லாத இடத்தையும் பார்க்க வேண்டும், கோடு மிகவும் நெருங்கிய இடத்தையும் பார்க்க வேண்டும்.

பழகுவதற்கு உங்கள் வீடு இருக்கும் தாளிலேயே தொடங்குங்கள். தெரியாத மலையை வைத்துப் பழகினால் சரியா தவறா என்று சொல்ல ஆள் இருக்காது. உங்கள் தெரு எந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்கிறது, பக்கத்து ஓடை எத்தனை கோடு கீழே, கோவிலுக்கு நடக்கும்போது எங்கே மூச்சு வாங்குகிறது, அந்த இடத்தில் கோடுகள் எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். உங்கள் காலுக்குத் தெரிந்த ஏற்றத்தைக் கண் தாளில் கண்டுபிடிக்கும்போதுதான் வாசிப்பு தொடங்குகிறது.

அடுத்த வாரம் அவள் 1:10 000 தாளைக் கொண்டுவந்தாள். சமையலறையிலிருந்து அம்மாவையும் கூப்பிட்டோம். அம்மாவுக்கு மேப் பார்த்துப் பழக்கமில்லை. ஆறு எது, அப்போதிருந்த பாலம் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். பிறகு வீடு இருந்த இடத்தில் விரலை வைத்து, தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடிய வழியை மெல்ல இழுத்துக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிறுத்தினார். "இந்த மேட்டுல ஒரு மாமரம் இருந்தது. அங்கதான் நின்னோம்."

அக்கா மகள் ஆற்றிலிருந்து அந்த விரல் வரைக்கும் கோடுகளை எண்ணினாள். 5, 10, 15, 20. ஆயாவின் விரல் நின்றிருந்தது 20-க்கும் 25-க்கும் நடுவில். அவள் நீலப் பென்சிலை எடுத்து, 10 மீட்டர் கோட்டின் மேல் தாளின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை நிதானமாக வரைய ஆரம்பித்தாள்.